மாடித்தோட்டச் செடிக்கு என்ன ஆச்சு? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

செடி முகம் வாடியதும் பலர் கை முதலில் போவது மருந்துத் தெளிப்பானுக்கு. மாடித்தோட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட கோளாறு பையின் அடித்துளையிலோ, ஊற்றும் தண்ணீரிலோ, இலையின் பின்பக்கத்திலோதான் இருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனை முதலில் வருகிறது, செலவு வைக்கிற வேலை கடைசியில்.

கையில் வேண்டியவை: 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு வெள்ளைத்தாள், பிளேடு, கண்ணாடி டம்ளர். அளவுகள் எல்லாம் 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள பைக்குச் சொன்னவை. அதில் சுமார் 20 லிட்டர் மண்கலவை பிடிக்கும்.

## செடி வாடித் தொங்குகிறது

### நடுப்பகலில் மட்டும் வாடி, மாலையில் நிமிர்கிறது

பூசணி, சுரை, வெள்ளரி போன்ற அகல இலைக் கொடிகள் வெயிலில் இப்படித்தான் இருக்கும். மாலை 6 மணிக்குள் நிமிர்ந்துவிட்டால் நோய் இல்லை. சித்திரை, வைகாசியில் எல்லாச் செடியும் இப்படி ஆனால் தளச் சூடு வேரைத் தாக்குகிறது என்று பொருள். பைகளைச் செங்கல் மேல் ஏற்றுங்கள், மண்மேல் 2 அங்குலம் காய்ந்த சருகு பரப்புங்கள். அதற்கும் அடங்காவிட்டால் 50 சதவீத நிழல்வலை. 75 சதவீத வலை கீரைக்குப் பரவாயில்லை; தக்காளி, மிளகாய் அதன்கீழ் பூக்காது.

### தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை, பை தூக்கினால் இலேசாக இருக்கிறது

தென்னைநார்க் கழிவு ஒருமுறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைக் குடிக்காது. ஊற்றிய நீர் பையின் ஓரமாக இறங்கி அடித்துளை வழியே ஓடிவிடும். மேலிருந்து பார்ப்பவருக்கு நனைந்த மாதிரி தெரியும். விரலை 3 அங்குலம் விட்டுப் பாருங்கள். உள்ளே பொடியாக இருந்தால் பையை ஒரு தொட்டித் தண்ணீரில் அரைமணி நேரம் வையுங்கள். தூக்க முடியாத பை என்றால் கால் லிட்டர் கால் லிட்டராக, பத்து நிமிட இடைவெளியில் நாலைந்து முறை ஊற்றுங்கள்.

### மண் ஈரமாக இருக்கிறது, செடி மட்டும் வாடுகிறது

இந்த இடத்தில்தான் ஆட்கள் மேலும் தண்ணீர் ஊற்றிச் செடியைக் கொல்கிறார்கள். முதலில் அடித்துளை. பை தளத்தோடு ஒட்டி உட்கார்ந்திருந்தால் துளை அடைத்திருக்கும். ஒரு குச்சியால் குத்திவிட்டு, பையை இரண்டு செங்கலில் வைத்து, நான்கு நாள் தண்ணீரை நிறுத்துங்கள்.

தேறாவிட்டால் ஓரத்தில் மண்ணைத் தோண்டி வேரைப் பாருங்கள். புளித்த வாடை வந்து, வேரைத் தொட்டதும் தோல் கழன்று உள்நார் மட்டும் நின்றால் வேரழுகல். அழுகியதை வெட்டி, புதுக் கலவையில் மாற்றி, சூடோமோனாஸ் (நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நல்ல பாக்டீரியா) தூள் 10 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து ஊற்றலாம். பாதி வேருக்கு மேல் போயிருந்தால் இந்தச் சிரமம் வீண். மிளகாய் நாற்று மலிவு, புதிதாக வையுங்கள்.

வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, அதாவது வேருக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத புழு. அவரை, காராமணி, கொத்தவரையில் மட்டும் அவசரப்படாதீர்கள். அவற்றுக்கு இயல்பாகவே வேர்முடிச்சு உண்டு. விரலால் தேய்த்தால் தனியே உதிர்வது நல்ல முடிச்சு. வேரே வீங்கி, உதிராமல் இருப்பது நூற்புழு. செடியை எடுத்துவிட்டு அந்த மண்ணை வெயில் காலத்தில் நனைத்துப் பரப்பி, நிறமில்லாத பாலித்தீன் தாளால் ஓரம் காற்றுப் புகாமல் மூடி 4 முதல் 6 வாரம் விடுங்கள். மறுபடி பையில் நிரப்பும்போது 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு கலந்து, முதல் பயிராகச் செண்டுமல்லி வைத்தால் நல்லது.

### நேற்று நன்றாக இருந்த தக்காளியோ கத்தரியோ இன்று பச்சையாகவே தொங்குகிறது

தரையை ஒட்டித் தண்டை வெட்டி, வெட்டுவாய் மூழ்கும்படி ஒரு டம்ளர் தெளிந்த நீரில் அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால் நிறத்தில் இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். மருந்து கிடையாது. செடியையும் மண்ணையும் வெளியேற்றுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். வெட்டிய கத்தியை டெட்டால் நீரில் கழுவாமல் அடுத்த செடியைத் தொட வேண்டாம்.

இழை இறங்காமல் தண்டின் உட்புறம் பழுப்பாக இருந்தால் பூஞ்சண வாடல். அதற்கும் மீட்பு இல்லை. இரண்டிலுமே அந்தப் பையில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் வேண்டாம். கீரை, வெண்டை போடலாம்.

### சின்னச் செடி, இழுத்தால் கையோடு வருகிறது

மண்ணுக்குள் வெள்ளையாக, வளைந்து கிடக்கும் வேர்ப்புழு இருக்கிறதா பாருங்கள். மக்காத சாணத்தோடு வருவது அது. பையைக் கொட்டிப் பொறுக்குவதே மருந்து.

## இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதுதான் கேள்வி.

அடியிலைகள் முழுதாக மஞ்சள், மேலே வெளிர்பச்சை. தழைச்சத்துப் பற்றாக்குறை. 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் நீரில் 2 நாள் ஊறவைத்து, 10 பங்கு நீர் சேர்த்து, பைக்கு அரை லிட்டர், 15 நாளுக்கு ஒருமுறை. மாதம் ஒன்றிரண்டு அடியிலை மட்டும் பழுத்து விழுவது வயது; அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

புதுத்தளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. கறிவேப்பிலை, எலுமிச்சை, ரோஜா, செம்பருத்தி நான்கிலும் அடிக்கடி வருவது. இரும்புச்சத்து போய்ச் சேரவில்லை. மண்ணில் இரும்பு இல்லாமல் இருப்பது அபூர்வம். சேறான மண்ணோ சுண்ணாம்பு மிகுந்த போர்த் தண்ணீரோதான் வேரைத் தடுக்கும். எனவே அடித்துளையைப் பார்த்த பிறகே இரும்பு உப்பு வாங்குங்கள். நாட்டுமருந்துக் கடையிலும் கிடைக்கும் அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, மாலையில் இலை நனையத் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. ஏற்கனவே மஞ்சளான இலை முழுதாகத் திரும்பாது. அடுத்த தளிரைத்தான் பார்க்க வேண்டும். தளத்தில் வெள்ளை டைல்ஸ் இருந்தால் கீழே சாக்கு விரியுங்கள், துருக்கறை போகாது.

மார்கழி, தையில் கறிவேப்பிலை தளிர்விடாமல் மந்தமாக நிற்பது குளிரால். அப்போது உரத்தைக் கொட்டினால் வேர்தான் கெடும்.

வெண்டையில் நரம்பு மஞ்சள், இடைப்பகுதி பச்சை. மேலே சொன்னதற்கு நேர் தலைகீழ். இது நரம்புத் தேமல் நோய், வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அன்னபேதியும் வேண்டாம், பஞ்சகவ்யமும் வேண்டாம், பிடுங்கிவிடுங்கள். அடுத்த முறை இந்த நோயைத் தாங்கும் வெண்டை ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

ஓரம் பழுப்பாகிக் கருகுகிறது, மண்மேல் வெள்ளைப் படிவு. உப்பு. சென்னைக் கடலோரப் போர்த் தண்ணீர், ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீர், அளவு மீறிய ரசாயன உரம் மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். ஆர்.ஓ. கழிவுநீரைச் செடிக்கு விடுவது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. நீரில் கரைந்த உப்பை அளக்கும் கையடக்க டி.டி.எஸ். மீட்டரில் 500க்குள் காட்டினால் கவலையில்லை. 1000ஐத் தாண்டினால் பீன்ஸ் முதலில் கருகும். நல்ல நீர் 40 லிட்டரை ஒரு பைக்கு மெதுவாக ஊற்றி அடிவழியே வடியவிட்டால் தேங்கிய உப்பு பெரும்பாலும் கழுவிப் போகும். மழைக்காலம் இந்த வேலையைச் சும்மாவே செய்து தரும், பைகளை மழையிலிருந்து ஒதுக்காதீர்கள்.

ஊசி குத்தியது போன்ற வெளிர்புள்ளிகள், பின்பக்கம் நூலாம்படை. செஞ்சிலந்தி. வெள்ளைத்தாளில் இலையைத் தட்டினால் செம்புள்ளிகள் நகரும். மூன்று நாளைக்கு ஒருமுறை இலையின் பின்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே பாதி தீரும்.

## மிளகாய் இலை சுருளுகிறது

மாடித்தோட்டத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் தவறாக மருந்தடிக்கப்படுவதும் இதற்குத்தான். சுருள் ஒன்றாகத் தெரிந்தாலும் காரணம் மூன்று. மூன்றுக்கும் மருந்து வேறு.

### இலையோரம் மேல்நோக்கி மடிகிறது

இலைப்பேன். நுனித்தளிரையும் ஒரு பூவையும் வெள்ளைத்தாளில் தட்டுங்கள். சிறு கோடு கிழித்த அளவில் மெலிந்த, மஞ்சளோ கருப்போ ஆன பூச்சிகள் ஓடும். பூவைத் தட்ட மறக்கக் கூடாது. 2021இல் ஆந்திரம், தெலங்கானா மிளகாய் வயல்களைச் சூறையாடிய புதுவகை இலைப்பேன் பூவுக்குள்தான் கூட்டமாக இருக்கும்.

முதலில் காலையில் தளிரின் பின்பக்கத்தைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள். செடி உயரத்தில் நீலநிற ஒட்டும் அட்டை ஒன்று தொங்கவிடுங்கள். மஞ்சள் அட்டை வெள்ளை ஈக்கு, நீலம் இலைப்பேனுக்கு. பிறகு வேப்பெண்ணெய்: ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. எண்ணெயை வெறும் நீரில் ஊற்றினால் மேலே மிதந்து, முதல் செடியில் நீரும் கடைசிச் செடியில் எண்ணெயுமாக விழும். அந்தக் கடைசிச் செடி கருகும். காதி சோப்புத் துருவல் ஒரு சிட்டிகையை அரை டம்ளர் வெதுநீரில் கரைத்து, அதில் எண்ணெயை விட்டு, பால் நிறம் வரும்வரை அடித்து, பிறகு மீதி நீரைச் சேருங்கள். மாலை 5 மணிக்குமேல், இலையின் பின்பக்கம் நனைய. 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று முறை. ஒருமுறை அடித்துவிட்டு "கேட்கவில்லை" என்றால் அது மருந்தின் குற்றமில்லை: முட்டையை அது கொல்லாது, பொரித்து வருவதைத்தான் பிடிக்க வேண்டும்.

### இலையோரம் கீழ்நோக்கிக் கவிழ்கிறது, காம்பு நீளுகிறது

மஞ்சள் சிலந்திப்பேன். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, கைலென்ஸ் வேண்டும். இலை குறுகி, பின்பக்கம் எண்ணெய் தடவிய பழுப்பில் மினுங்கும். நுனிகளை 4 அங்குலம் கிள்ளி எடுத்துவிட்டு, நனையும் கந்தகத்தூள் 2 முதல் 3 கிராமை ஒரு லிட்டர் நீரில் கலந்து மாலையில் தெளியுங்கள். மூன்று எச்சரிக்கை. வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரமாவது கழிந்திருக்க வேண்டும், இல்லையேல் இலை எரியும். கத்திரி வெயிலில் அடிக்கக் கூடாது. பக்கத்தில் வெள்ளரி, பூசணி இருந்தால் அவற்றின்மேல் படாமல் பாருங்கள். கொடிவகைகளில் கந்தகத்துக்குக் கருகுபவை உண்டு.

### இலை சிறுத்து, நெளிந்து, கணு நெருங்கிக் கொத்தாக நிற்கிறது

வைரஸ் சந்தேகம். செடியை உலுக்கினால் வெள்ளை ஈ பறக்கிறதா பாருங்கள். உறுதி செய்ய ஒரு வழி உண்டு: நுனிகளை வெட்டி, மேலே சொன்னபடி பூச்சிக்கு மருந்து கொடுத்து, மூன்று வாரம் பொறுங்கள். புதுத்தளிர் நேராக வந்தால் பூச்சிதான், செடி பிழைத்தது. பூச்சியே இல்லாதபோதும் தளிர் நெளிந்தே வந்தால் வைரஸ். செடியின்மேல் பாலித்தீன் உறையைக் கவிழ்த்து, ஈ பறக்காமல் வேரோடு எடுத்துவிடுங்கள். பத்துச் செடி வைத்திருப்பவர் ஒன்றுக்கு இரக்கப்பட்டு ஒன்பதை இழக்க வேண்டாம்.

தக்காளியின் அடியிலை வெயிலில் உருண்டு தடித்தால் அது சூட்டுக்குச் செடி செய்துகொள்ளும் ஏற்பாடு. நுனி நேராக இருந்தால் விட்டுவிடுங்கள்.

### எப்போது ஆளைக் கேட்பது

மூன்று சுற்றுத் தெளிப்புக்குப் பிறகும் சுருள் பரவினால், அல்லது ஒரே வாரத்தில் மூன்று நான்கு செடிக்குத் தாவினால், மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ மாதிரி எடுத்துப் போங்கள். வேரோடு முழுச்செடி, செய்தித்தாளில் சுற்றி, அன்றைக்கே. பாலித்தீனில் கட்டினால் வியர்த்து அழுகி, எது நோய் எது அழுகல் என்று தெரியாமல் போகும். போக முடியாதவர்கள் கிசான் கால் சென்டரின் கட்டணமில்லா எண் 1800-180-1551இல் தமிழிலேயே கேட்கலாம். உரக்கடையில் மட்டும் கேட்டு, கடைக்காரர் பழக்கத்தில் எடுத்துக் கொடுக்கும் மோனோகுரோட்டோபாஸை வாங்கி வராதீர்கள். காய்கறியில் அடிக்கவே தடையுள்ள மருந்து அது.

## வெள்ளைப் பஞ்சு, எறும்பு, கருப்புப் படிவு

எறும்பு வரிசை தண்டில் ஏறுகிறதென்றால் மேலே மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது. எறும்பு செடியைத் தின்பதில்லை; பூச்சி கழிக்கும் தேன்போன்ற கழிவுக்காக அவற்றைக் காவல் காக்கிறது. எறும்பை நிறுத்தாமல் மாவுப்பூச்சியை ஒழிக்க முடியாது. பையைத் தாங்கும் ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பது போதும். கொசு வராமல் வாரம் இருமுறை நீர் மாற்றுங்கள்.

பூச்சியைப் பழைய பல்துலக்கியில் சோப்பு நீர் தொட்டுத் தேய்த்துவிடுங்கள். கிளை முழுக்க மூடியிருந்தால் வெட்டி அப்புறப்படுத்துங்கள். தேய்க்குமுன் ஒரு கவனம்: மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, நீண்ட வெள்ளை இழைகளோடு, விறுவிறுவென நடப்பது பொறிவண்டின் புழு. அது மாவுப்பூச்சியைத் தின்பது. 2008இல் கோவையில் தென்பட்டுத் தமிழகப் பப்பாளி, மல்பெரித் தோட்டங்களை அழித்த பப்பாளி மாவுப்பூச்சியைக் கடைசியில் அடக்கியதும் மருந்தில்லை, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவிதான்.

இலைமேல் கரி பூசியது போன்ற படிவு அந்தக் கழிவில் வளரும் பூஞ்சணம். 50 கிராம் மைதாவை ஒரு லிட்டர் நீரில் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி வெயில் நேரத்தில் தெளித்தால் காய்ந்து ஏடாக உரிந்துவிடும். உங்கள் செடியில் பூச்சியே இல்லை, கரி மட்டும் படிகிறது என்றால் நிமிர்ந்து பாருங்கள். பக்கத்துத் தென்னையில் சுருள் வெள்ளை ஈ இருக்கும். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டது, இப்போது நகரத் தென்னைகளிலும் உண்டு. அதை மாடியிலிருந்து தீர்க்க முடியாது; கழுவிக்கொண்டே இருங்கள்.

## பூக்கிறது, காய்க்கவில்லை

கொடிவகையில் முதல் இரண்டு வாரம் ஆண்பூ மட்டுமே வரும், பதற வேண்டாம். பூவுக்குப் பின்னால் குட்டிப் பிஞ்சு இருந்தால் பெண்பூ. அந்தப் பிஞ்சு விரல் அளவிலேயே மஞ்சளாகி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை. மூன்றாம் மாடிக்குமேல் தேனீ வரத்து குறைவு, கைதான் தேனீ. ஆண்பூவின் இதழைக் கிள்ளிவிட்டு நடுக்காம்பைப் பெண்பூவின் நடுவில் தொட்டுத் தேயுங்கள். நேரம் தவறினால் பலனில்லை: பூசணி, வெள்ளரி, பாகல் காலை 9 மணிக்குள், பீர்க்கு மாலை, சுரை, புடலை இருட்டும் நேரம்.

பிஞ்சு ஓரளவு பெருத்து, ஒரு புள்ளியில் பிசின் வடிந்து, கோணி அழுகினால் பழ ஈ. உள்ளே புழு நெளியும். மகரந்தம் சேர்த்த அன்றே பிஞ்சுக்குத் துணிப்பையோ காகிதப்பையோ கட்டுவதைவிடச் சிறந்த வழி இல்லை. கடையில் பொறி வாங்கினால் உள்ளே வைக்கும் ஈயை இழுக்கும் வாசனைப் பொருள், கொடிக்கு கியூலூர்; மா, கொய்யாவுக்கு மெத்தில் யூஜினால். மாற்றி வாங்கினால் பொறி காலியாகவே இருக்கும். அழுகிய காயைப் பையில் கட்டி வெயிலில் போடுங்கள்.

தக்காளி, மிளகாயில் பூ கொட்டுவது கோடையில் சூட்டால். ஆடிக்குப் பின் தானே நிற்கும். வெயில் தணிந்த மாதத்திலும் கொட்டினால் 6 மணி நேர நேரடி வெயில் விழுகிறதா பாருங்கள்; பிறகு புண்ணாக்குக் கரைசலை நிறுத்துங்கள், இலை கரும்பச்சையாகத் தழைத்து நின்றால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது. கடைசி வழி, மிளகாய்க்கு பிளானோபிக்ஸ் என்ற பயிர் ஊக்கி 1 மி.லி.யை நாலரை லிட்டர் நீரில். கூடுதலாக ஊற்றினால் இருக்கிற பூவும் கொட்டும்.

## காயில் கோளாறு

தக்காளியின் அடி கருத்துக் குழிகிறது. காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேரவில்லை. காரணம் ஒருநாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்ற நீர்ப்பாய்ச்சல். கோடையில் காலை, மாலை அளவாக ஊற்றினால் அடுத்த கொத்து சரியாக வரும். முட்டை ஓடு மக்க மாதக்கணக்காகும், இந்தக் காய்க்கு உதவாது.

கத்தரி நுனி மட்டும் தொங்குகிறது. தண்டுத்துளைப்பான். தொங்கிய இடத்துக்கு ஓரங்குலம் கீழே வெட்டிப் பிளந்தால் இளஞ்சிவப்புப் புழு இருக்கும். நசுக்குங்கள். நுனியில் விட்டால் அடுத்த தலைமுறை காய்க்குள் போகும், அங்கே எந்தத் தெளிப்பும் எட்டாது. வாரம் ஒருமுறை நுனி பார்ப்பவருக்குச் சொத்தைக் காய் குறைவு.

## மல்லிகை, ரோஜா

மல்லிகை மொட்டு ஊதா நிறமாகி ஓட்டையோடு நின்றால் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைப் பறித்து அழித்து, வேப்பெண்ணெய். பூவே இல்லையென்றால் நவம்பர் கடைசியில் ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்யவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். ரோஜாக் கிளை நுனியிலிருந்து கருத்து இறங்கினால் கருமைக்கு 2 அங்குலம் கீழே சாய்வாக வெட்டி, காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சணக்கொல்லியைக் குழைத்து வெட்டுவாயில் பூசுங்கள்.

## கீழ்வீட்டுக் கூரையில் ஈரம்

செடிக்கோளாறு இல்லை, ஆனாலும் இந்தத் தோட்டத்தின் மிகச் செலவான பிழை. முதலில் வடிகுழாய் வாயில் சருகும் மண்ணும் அடைத்திருக்கிறதா பாருங்கள். அடுத்து, பைகள் நேரடியாகத் தளத்தில் நின்றால் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஈரக்கறை ஒரு மாதத்தில் சுருங்காவிட்டால் தளத்தில் நீர்க்காப்புப் பூச்சு போடுபவரை அழையுங்கள். பூச்சு போட்டபின் ஒருநாள் முழுக்க நீர் தேக்கிச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நனைந்த பை ஒன்று 20 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். கனமான பைகளைச் சுவரோரமும் உத்திரத்தின் மேலும் அடுக்குங்கள். சன்ஷேடில் ஒன்றுகூட வேண்டாம். கூரையில் சிமென்ட் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிந்தால், விரிசல் நீண்டுகொண்டே போனால், பைகளை அன்றே இறக்கிவிட்டுக் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.